கை நனைக்காமல் சுற்றிய ஹனோய்

நான். என் வீட்டுக்காரி சரோஜா. மகன் தினேஷ். சரோஜாவின் அண்ணன் மணியம். போனது நால்வர்.

அங்கே எங்களுக்காகக் காத்திருந்தது மூவர். லான் என்கிற பெண். அவள் அப்பா குவாங். அம்மா ஹோவா.

ஊர் ஹனோய். வியட்நாமின் தலைநகரம். நாங்கள் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கம். நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மணியம் சிகாமட்டில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். தினேஷும் லானும் செனாயில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவளுக்கு வேலை பெர்மிட் முடிந்தது, ஊருக்குப் போனாள். இவன் சிங்கப்பூருக்கு வேலை மாறினான். ஒரு வருடம் போனிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு நாள் லோரியைக் கழுவிக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றான்.

"போய்ப் பாருங்கப்பா. பாத்துட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பாக்குறேன்" என்றேன். லோரியின் மேல் தண்ணீரை ஊற்றினேன்.

சரோஜா அன்னாசி ஜாம் பிஸ்கட் நான்கு டப்பா எடுத்து வைத்தாள். எங்கள் ஊர் அன்னாசிக்குப் பெயர் போனது. பட்டுச்சேலை ஒன்று எடுத்தாள், அதைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். வெற்றிலை பாக்கு எடுக்கவில்லை. பேசி முடியாத வீட்டுக்கு வெற்றிலைத் தட்டு தூக்கிக்கொண்டு போக முடியாது.

போய் இறங்கியது வெள்ளிக்கிழமை.

விமான நிலையத்துக்கு வெளியே டாக்சி. மணியம் முன்சீட்டில் உட்காரப் போனார். கதவைத் திறந்தால் அங்கே ஸ்டியரிங். அந்த ஊரில் வண்டி வலது பக்கம் ஓடுகிறது, ஓட்டுகிறவன் இடது பக்கம் உட்காருகிறான். டாக்சிக்காரன் சிரித்தான். சாவியை மணியத்திடம் நீட்டினான்.

"ஓட்டுங்க மச்சான், கேக்குறாருல்ல" என்றேன்.

"எனக்கு மோட்டார் லைசன்ஸே புதுப்பிக்கல" என்று சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஏறினார்.

ஊருக்குள் நுழைந்ததும் மோட்டார் சைக்கிள். எங்கே பார்த்தாலும் மோட்டார். ஒரு மோட்டாரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை, ஒரு குளிர்பெட்டி. இன்னொன்றில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி, பின்னால் உட்கார்ந்தவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிறான். தினேஷ் தினமும் விடியுமுன் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டாரில் போகிறவன். அவனே வாயைப் பிளந்தான்.

"பாலத்து ஜேம்தான்பா இது. ஆனா நம்மாளுங்க முறைச்சுக்கிட்டே ஓட்டுவாங்க. இவங்க கதை பேசிக்கிட்டே ஓட்டுறாங்க."

நான் ஹார்னைக் கவனித்தேன். நம் ஊரில் ஹார்ன் அடித்தால் திட்டுகிறான் என்று பொருள். இங்கே அப்படி இல்லை. நான் வருகிறேன், நீ இரு, அவ்வளவுதான். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மோதலும் பார்க்கவில்லை. நல்ல ஓட்டுநர்கள்.

ஹோட்டலில் பையை வைத்துவிட்டு நேராக லான் வீட்டுக்குப் போனோம். ஒரு சந்து, அதற்குள் இன்னொரு சந்து, அதன் கோடியில் வீடு. வீட்டின் அகலம் என் லோரியின் அகலம். உயரம் நான்கு மாடி. குவாங்கின் அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் மாடிக்கு ஒன்றாக இருந்தார்களாம், இப்போது வெளியே போய்விட்டார்கள்.

லான் வாசலில் நின்றாள். மெலிந்த பெண். நேராகப் பார்த்தாள். "வாங்க மாமா, வாங்க அத்த" என்றாள். தினேஷ் சொல்லிக்கொடுத்திருக்கிறான். மற்றதெல்லாம் மலாய். செனாயில் கற்ற மலாய், நன்றாகவே பேசினாள். அவளுடைய அப்பா அம்மா பேசுவதை மலாயில் சொல்வாள். நாங்கள் மலாயில் பதில் சொல்வோம். அப்படித்தான் மூன்று நாளும் ஓடியது.

குவாங் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். என் வயது இருக்கும். கையைக் குலுக்கினார். உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. எனக்கும் அதே இடத்தில்தான். அவரும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

தரையில் பாய் விரித்து நடுவில் பெரிய வட்டத் தட்டு. அதில் சாப்பாடு. வறுத்த மீன், கீரை, தாளில் சுற்றியது போல மெல்லிய மாவில் சுற்றிய உருண்டைகள், சோறு. நடுவில் ஒரு பாத்திரத்தில் கோழி. அந்த வாசனை எனக்குத் தெரியும். அது அந்த ஊர் வாசனை இல்லை. நம் மசாலா.

ஹோவா எல்லோருக்கும் கிண்ணம் வைத்தார். குவாங் கோழிப் பாத்திரத்திலிருந்து தொடைத்துண்டை எடுத்தார். என் கிண்ணத்தில் போட நீட்டினார்.

நான் கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினேன்.

"தண்ணி போதும்" என்றேன் மலாயில்.

எங்கள் வழக்கம் இது. சம்பந்தம் பேசி முடிவாகாத வீட்டில் கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம். சோறு கூடாது. என் அப்பாவும் அப்படித்தான், சரோஜா வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது. நான் பெண்ணைப் பார்த்து இன்னும் பத்து நிமிடம் ஆகவில்லை. என்ன முடிவு சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

குவாங்கின் கை தொடைத்துண்டோடு அப்படியே நின்றது. பிறகு அதைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டார். சரோஜாவும் மணியமும் கிண்ணத்தைத் தொடவில்லை. தினேஷ் என்னைப் பார்த்தான், அவனும் தொடவில்லை. லான் ஏதோ கேட்டாள். "விமானத்திலயே சாப்பிட்டுட்டோம்" என்று இவன் உளறினான்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெயில், மழை, செம்பனை விலை என்று பேசினோம். குவாங் சுருக்கமாகப் பதில் சொன்னார். எழும்போது, நாளை ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்ததால் காட்டுகிறேன் என்றார். அடுப்படிக்குள் போன ஹோவா வெளியே வரவில்லை.

அன்று மாலை பசி. ஹோட்டலுக்குப் பக்கத்தில் நடைபாதையில் ஒரு சூப் கடை. பிள்ளைகளைக் குளிப்பாட்டும் முக்காலி மாதிரி சின்ன பிளாஸ்டிக் முக்காலிகள். நான் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடுகிறது. அவர்கள் ஃபோ என்கிறார்கள், நம் கொய்த்தியாவ் சூப்தான், பட்டை அரிசி நூடுல்ஸ். ஆனால் கடையில் மாட்டிறைச்சி தொங்குகிறது. நாங்கள் மாடு தின்பதில்லை. கடைக்கார அம்மாவுக்கு மலாயும் தெரியவில்லை, தினேஷின் இங்கிலீஷும் தெரியவில்லை. மணியம் எழுந்தார். இரண்டு கையையும் அக்குளில் வைத்து அடித்தார். கொக்கரித்தார்.

தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோழி சூப் வந்தது. நன்றாக இருந்தது. எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாய் போட்டு, நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

"அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தீங்களா?" என்றாள் சரோஜா. "கோழிய வச்சுட்டு, நம்ம வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா."

"பாத்தேன்."

"அது நம்ம மசாலா."

"தெரியும்."

"நம்ம வழக்கத்தச் சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டா சொல்லுவேன்" என்றேன்.

மறுநாள் சனி. குவாங் சொன்ன நேரத்துக்கு ஹோட்டல் வாசலில் நின்றார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். லானும் வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஹோவா வரவில்லை.

முதலில் ஏரி. ஊருக்கு நடுவே ஏரி, ஏரிக்கு நடுவே சின்னக் கோபுரம், கரையிலிருந்து சிவப்புப் பாலம் ஒன்று கோயிலுக்குப் போகிறது. சனி ஞாயிறில் கரையைச் சுற்றி வண்டி விடுவதில்லை. வயதானவர்கள் கூட்டமாக நின்று நடனம் ஆடுகிறார்கள், உடற்பயிற்சியாம். பிள்ளைகள் பேட்டரி கார் ஓட்டுகிறார்கள். நம் ஊரில் இவ்வளவு பேர் ஓர் இடத்தில் கூடினால் கடைசியில் குப்பைதான் மிஞ்சும். இங்கே தரையில் ஒரு தாள் இல்லை. ஏரித் தண்ணீர் மட்டும் பச்சை.

கரையோரம் ஒரு கடையில் முட்டைக் கோப்பி. கோப்பியின் மேல் முட்டையை அடித்து நுரையாக ஊற்றுகிறார்கள். மணியம் முகர்ந்து பார்த்தார்.

"அலமாக். இது கோப்பியா, கேக்கு மாவா?"

"குடிங்க மாமா" என்றான் தினேஷ்.

குடித்தார். இன்னொன்று கேட்டார்.

அடுத்து, பழைய காலத்துக் கல்லூரி. உள்ளே கல்லில் செய்த ஆமைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் ஆமையின் முதுகிலும் ஆள் உயரக் கல்வெட்டு. அந்தக் காலத்தில் அரசர் வைத்த பரீட்சையில் தேறியவர்களின் பெயராம். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவன். மணியம் அதற்கும் முன்பே.

"நம்ம ரெண்டு பேரு பேரையும் வெட்டி வச்சா, ஆமை ராத்திரியோட ராத்திரியா ஏரிக்குள்ள குதிச்சிரும் மச்சான்" என்றார் மணியம்.

தினேஷ் மலாயில் சொல்ல, லான் அதைத் தன் அப்பாவுக்குச் சொன்னாள். குவாங்கின் வாய் ஓரத்தில் சிரிப்பு வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

வெளியே வந்து சாலையைக் கடக்க வேண்டும். நான் வலது பக்கம் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம். ஒன்றும் வரவில்லை, காலை வைத்தேன். இடது பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் என் சட்டையை உரசிக்கொண்டு போனது. குவாங் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, ஒரே வேகத்தில் நடந்தார். மோட்டார்கள் எங்களைச் சுற்றி ஓடின. ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது, அவ்வளவுதான் அங்கே சாலை கடக்கும் முறை. நான் லோரி ஓட்டுகிறவன். என்னைக் கையைப் பிடித்து யாரும் சாலை கடத்தியதில்லை. அந்தப் பக்கம் போனதும் கையை விட்டார். என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

மதியம் ஒரு சோற்றுக்கடை. குவாங் எங்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார். சமையல்காரனிடம் பேசினார். ஒரு சட்டியைத் திறந்து பார்த்தார், இன்னொரு சட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு கரண்டியைக் காட்டி அதைக் கழுவச் சொன்னார். கழுவும் வரை நின்றார்.

"என்ன செய்றாரு?" என்று லானிடம் கேட்டேன்.

"மாட்டிறைச்சி எடுத்த கரண்டியா என்று பார்க்கிறார் மாமா."

கோழியும் சோறும் வந்தன. கடைச் சோற்றுக்குத் தடை இல்லை. சாப்பிட்டேன். குவாங் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

பிறகு அவருக்கு மதிய ஷிப்ட். லானும் அம்மாவோடு சந்தைக்குப் போக வேண்டும். ஹோட்டலுக்குத் திரும்ப எந்த எண் பேருந்து, ஏரிக்கரையில் எங்கே இறங்குவது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம் என்று குவாங் கையைக் காட்டினார். நாங்கள் இன்னும் கொஞ்சம் சுற்றினோம். ஒரு சந்தில் தொப்பி, ஒரு சந்தில் பித்தளை, ஒரு சந்தில் பொம்மை. எங்கள் மாநிலத்துத் தங்காக்கில் துணிக்கடைகள் வரிசையாக இருப்பது போல இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தெரு. சரோஜா ஒரு விசிறி வாங்கினாள். திரும்பி நிறுத்தத்துக்கு வந்தபோது மணியம் நின்றார்.

"அந்தப் பக்கமா? எப்படி? டவுனுக்குப் போற பஸ்ஸு இந்தப் பக்கம்தான் நிக்கும். இடது பக்கம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நான் சரி என்றால் யாரும் மறுப்பதில்லை. ஏறினோம்.

எண் சரி. பேருந்து நல்ல பேருந்து. குளிர்சாதனம், நடத்துநர் அம்மா, எல்லாம் ஒழுங்கு. ஆனால் ஏரி வரவில்லை. பெரிய ஆறு வந்தது. நீளமான பாலம் வந்தது. பிறகு வாழைத்தோட்டம்.

"ஏரி இவ்வளவு தூரமா இருந்துச்சு?" என்றாள் சரோஜா.

"சுத்திப் போறான்" என்றார் மணியம்.

"வாழைத்தோட்டத்தச் சுத்தியா?"

கடைசி நிறுத்தம். பேருந்துப் பணிமனை. இறங்கச் சொன்னார்கள். அங்கே இடது பக்கத்து நிறுத்தம் என்றால் ஊருக்கு வெளியே போகிற பக்கம். தலையில் எழுதிய பழக்கம். சரோஜா விசிறியால் விசிறிக்கொண்டாள். தினேஷ் லானுக்குப் போன் போட்டான். இருங்கள், அப்பாவை ஷிப்ட் மாற்றச் சொல்லி அழைத்து வருகிறேன் என்றாள்.

பணிமனையில் ஓட்டுநர்கள் ஒரு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்து முக்காலிகளைத் தள்ளினார்கள். தேநீர் ஊற்றினார்கள், கசப்புத் தேநீர். வேகவைத்த கடலையை ஒரு தட்டில் குவித்து நடுவில் வைத்தார்கள். நான் ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையைக் காட்டி, பிறகு என்னைத் தொட்டுக் காட்டினேன். லோரி என்றேன். ஓ என்றார்கள். ஒருவர் என் வயிற்றைத் தட்டி, தன் வயிற்றையும் தட்டிக் காட்டினார். ஓட்டுநர் வயிறு எல்லா ஊரிலும் ஒன்றுதான். கடலை நன்றாக வெந்திருந்தது. தேநீர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன்.

அப்போது குவாங் வந்தார். சீருடையோடு மோட்டாரில், பின்னால் லான். இறங்கி வந்தவர் என் கையில் இருந்த கண்ணாடி டம்ளரைப் பார்த்தார். என் முன்னால் கிடந்த கடலைத்தோலைப் பார்த்தார். மற்ற ஓட்டுநர்கள் அவரை அழைத்தார்கள். அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உரக்கச் சொல்லவில்லை. ஆனால் கொட்டகையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

லான் சொல்லத் தயங்கினாள்.

"சொல்லும்மா" என்றேன்.

"இங்கே சாப்பிடுகிறார். கடையில் சாப்பிட்டார். தெருவில் சாப்பிட்டாராம். என் வீட்டில் மட்டும் சாப்பிடவில்லை. என் மனைவி போனில் பார்த்துப் பார்த்து உங்கள் ஊர்க் குழம்பு சமைத்தாள். மசாலா லான் உங்கள் பக்கத்து ஊர் குளுவாங்கிலிருந்து கொண்டு வந்து ஒரு வருடமாக மூடி வைத்திருந்தது. எங்கள் வீட்டுச் சோற்றில் என்ன குறை? அப்பா கேட்கிறார்."

பிறகு அவளாகவே ஒன்று சேர்த்தாள், தினேஷைப் பார்த்து. "அந்த விமானத்தில் சாப்பாடு கிடையாது. நானும் அதில்தான் ஊருக்கு வந்தேன்."

தினேஷ் தலையைக் குனிந்தான்.

கேட்டாயிற்று. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். எனக்கு நீளமாகப் பேச வராது. மலாயில் சொன்னேன். பெண் எடுப்பதா இல்லையா என்று முடிவாகும் வரை பெண் வீட்டில் சாப்பிட மாட்டோம். சோற்றில் குறை இல்லை. ஒரு வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அந்த வீட்டுப் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது துரோகம். அதனால் முடிவு சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவோம்.

லான் என்னையே பார்த்தாள். பிறகு தன் அப்பாவுக்குச் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் மாறியது. குவாங் கேட்டார். மற்ற ஓட்டுநர்களும் கேட்டார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, இன்னொருவர் தலையாட்டினார்.

குவாங் ஒரு முக்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் பேசினார். லான் சொன்னாள்.

"எங்கள் ஊரில் பெண் வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் பெண் வேண்டாம் என்று பொருள். நேற்று முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்."

"நினைச்சும் இன்னைக்கு வந்து ஊரைக் காட்டினாரா?"

"காட்டுவதாகச் சொல்லியிருந்தார்" என்றாள் லான்.

குவாங் ஒரு கடலையை எடுத்து உரித்தார். இன்னும் ஒன்றைக் கேட்டார். "அப்படியென்றால் நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. நாளை என் மனைவி அடுப்பைப் பற்ற வைக்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்."

மணியம் என் காதுக்குள், "இங்க, பஸ்ஸு கொட்டகையிலயா பேசுறது?" என்றார்.

"காலையில் சொல்றேன்" என்றேன்.

குவாங் தலையாட்டினார். எங்களைச் சரியான பேருந்தில் ஏற்றினார். மோட்டாரை லானிடம் கொடுத்துவிட்டு அவரும் எங்களோடு ஏறினார். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து ஏரி வரை வந்தார். நாங்கள் இறங்கியதும் அதே பேருந்தில் போனார்.

ஞாயிறு காலை. திங்கள் விடிந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். ஹோட்டலுக்கு எதிரில் ரோட்டோர ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தோம். ரொட்டிக்குள் முட்டை வைத்து, வெள்ளரி வைத்து, மிளகாய்ச் சாந்து தடவித் தருகிறார்கள். மணியம் இரண்டு வாங்கினார்.

நான் முதலில் அவரிடம் கேட்டேன். தாய்மாமன் அவர்தான்.

"என்ன சொல்றீங்க மச்சான்?"

மணியம் மென்றுகொண்டே சொன்னார். "சம்பந்தம் முறிஞ்சுபோச்சுன்னு நெனச்சும், நமக்காகக் கரண்டியக் கழுவச் சொன்னான் பாரு அந்த மனுசன். நமக்குச் செஞ்சு அவனுக்கு என்ன ஆகப் போகுது? ஆனாலும் செஞ்சான். எடுக்கலாம்."

"நீ?" என்று சரோஜாவிடம் கேட்டேன்.

"நான் வெள்ளிக்கிழமையே முடிவு பண்ணிட்டேன். நீங்க கேக்கணும்னு உக்காந்திருக்கேன்."

"மொழி தெரியாத பிள்ள."

"நீங்க என்ன வீட்டுல பேசிக்கிட்டா இருக்கீங்க?"

மணியத்துக்குப் புரையேறியது. தினேஷ் சிரிக்கப் பயந்து தெருவைப் பார்த்தான். அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

எனக்கு ஒரு கணக்குத்தான். மனத்தில் வைத்துப் புழுங்காமல் பத்து பேர் முன்னால் குவாங் நேராகக் கேட்டார். பதில் சொன்னதும் புரிந்துகொண்டார். அப்படிப்பட்ட ஆளோடு சம்பந்தம் வைக்கலாம்.

லான் வந்தாள். எங்களை எங்கோ ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊர்ல பாக்கு எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.

மூடி கீழே விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை. திரும்பி நடக்க ஆரம்பித்தாள். அவ்வளவு வேகம். நாங்கள் நால்வரும் பின்னால் ஓட வேண்டியிருந்தது. சாலையைக் கடக்கும்போது மட்டும் நின்று, சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணச் சாமான் விற்கும் தெரு அது. சிவப்புத் துணி போர்த்திய தட்டுகள், பச்சை அரிசிப் பலகாரம், தேயிலைப் பொட்டலம். ஒரு கடையில் பச்சைப் பாக்குக் குலைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் வெற்றிலை. நம் வெற்றிலைதான், கொஞ்சம் தடிப்பு. சரோஜா ஒரு வெற்றிலையைத் தடவிப் பார்த்தாள்.

"இங்கயும் இதுதானா?"

"இது இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது அத்த" என்றாள் லான். "முதல் நாள் நீங்கள் கொண்டு வருவீர்கள் என்று அம்மா எதிர்பார்த்தாள். வரவில்லை. அதனால்தான்…"

சரோஜா நூற்றொரு பாக்கு கேட்டாள். கடைக்காரி நூறாகக் கட்டி வைத்திருந்தாள். லான் அம்மாவுக்குப் போன் போட்டாள். ஹோவா ஒற்றைப்படை கூடாது என்றார். பாக்கு ஜோடி ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று தனியாக நின்றால் கல்யாணம் பண்ணுகிறவர்களில் ஒருவர் தனியாக நிற்பார்.

"நூறுன்னு நிறுத்துனா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்றாள் சரோஜா. "மேல ஒண்ணு வச்சாத்தான் வளரும். நாங்க மொய்யிலகூட ஒண்ணு சேத்துத்தான் வைப்போம்."

போன் அங்கும் இங்கும் போனது. இரண்டு அம்மாவும் விடவில்லை. நடுவில் லான் வியர்த்துப்போனாள். மணியம் கடை முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சாப்பாட்டுச் சண்ட முடிஞ்சு பாக்குச் சண்டையா? இன்னைக்கும் பட்டினிதான் லா."

நான் நூறு பாக்குக் கட்டை வாங்கித் தட்டில் வைத்தேன். குலையிலிருந்து ஒரு பாக்கை மட்டும் வெட்டித் தரச் சொல்லி, என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடைக்காரி அதற்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது சமையல் வாசனை இல்லை. வாசலிலேயே கவனித்தேன். நாங்கள் முறையாகக் கேட்கும் முன் ஹோவா அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. சுவரை ஒட்டி நின்றார். குவாங் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். மணியம் தாய்மாமன் என்ற முறையில் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். வெற்றிலை, பாக்கு, பழம், தேயிலை. தேயிலையை லான் சேர்க்கச் சொல்லியிருந்தாள்.

"உங்க பொண்ண எங்க பையனுக்குக் கேட்டு வந்திருக்கோம்" என்றேன். லான் இதைத் தானே தன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது காது வரை சிவந்துபோனாள்.

குவாங் தட்டைப் பார்த்தார். பாக்கைப் பார்த்தார். நூறு. ஜோடி ஜோடி. ஹோவாவைப் பார்த்தார். ஹோவா தலையாட்டினார்.

நான் சட்டைப்பையிலிருந்து அந்த ஒன்றை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில், தரையில் வைத்தேன்.

"இது எங்க வழக்கம். ஒண்ணு கூடுதலா இருந்தாத்தான் வளரும். உங்களுக்குச் சரின்னா தட்டுல வைங்க. இல்லன்னா வேணாம்."

லான் சொன்னாள். குவாங் அந்த ஒற்றைப் பாக்கை எடுத்தார். விரலில் உருட்டினார். பிறகு குவியலின் உச்சியில் வைத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய், சுவரில் இருந்த தன் அப்பா அம்மா படத்துக்கு முன் வைத்து ஊதுபத்தி கொளுத்தினார். நாங்களும் இப்படித்தான் முன்னோருக்கு வைத்துக் கும்பிடுவோம். கும்பிட்டோம்.

ஹோவா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சரோஜா பின்னாலேயே போனாள். அவர்களுக்குள் ஒரு சொல் பொது இல்லை. ஆனால் எண்ணெய் காயும் சத்தம் வந்தது, வெங்காயம் வந்தது, பிறகு குளுவாங் மசாலா. சரோஜாவின் குரல் கேட்டது. "போதும், போதும், தண்ணி ஊத்து." தமிழில்தான் சொன்னாள். ஹோவா ஊற்றியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பாயில் உட்கார்ந்தோம். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். குவாங் கோழித் தொடைத்துண்டை எடுத்து நீட்டினார். கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினேன். போட்டார். சோற்றில் பிசைந்து முதல் வாய் எடுத்து வைக்கும் வரை அவர் தன் சாப்பாட்டுக் குச்சிகளைத் தொடவில்லை. குழம்பில் உப்பு குறைவு, காரம் அதிகம். முழுவதும் சாப்பிட்டேன். மறுசோறு கேட்டேன்.

குவாங் தன் குச்சிகளைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துக் கையால் எடுத்தார். சோறு பாயில் சிந்தியது.

"அஞ்சு விரலையும் போடக் கூடாது தலைவா, கட்ட வெரலால தள்ளணும்" என்று மணியம் தமிழில் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் வாயில் பிடிபட்டது. ஹோவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதுதான் அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது.

சாப்பிட்டு முடிந்ததும் குவாங் தட்டை இறக்கிக் கொண்டுவந்தார். பாக்கை வீட்டுக்கு இரண்டாக, வெற்றிலையோடு சேர்த்து, சொந்தக்காரருக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டுமாம். பெண்ணுக்கு நிச்சயமானதைச் சொல்லும் முறை அது. நாங்கள் இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் வெற்றிலையைத் துடைத்து மடித்தேன். அவர் இரண்டிரண்டு பாக்காக எண்ணி வைத்தார். ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார், ஒரு ஜோடியை ஒதுக்குவார். நேற்றுக் கடலை கொடுத்த ஓட்டுநர்கள் பெயரும் அதில் இருந்தது.

கடைசியில் தட்டில் நான் சட்டைப்பையில் கொண்டுவந்த ஒற்றைப் பாக்கு மட்டும் கிடந்தது. குவாங் அதை எடுத்தார். ஏதோ சொன்னார்.

"மாப்பிள்ளை வீட்டுத் தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது மாமா" என்றாள் லான். "கொஞ்சம் திருப்பித் தருவது எங்கள் வழக்கம்."

குவாங் அதை என் சட்டைப்பையில் போட்டார். பைக்கு மேலே பொத்தானையும் மாட்டிவிட்டார்.

ஐம்பது வீட்டுக்கு நூறு. மீதி ஒன்று.